மூன்று நல்ல பற்கள்

மிலெம்பேயின் வாயில் இடது பக்கம் கீழ்வரிசையில் கடைவாய்ப் பற்கள் மூன்று இல்லை. மூன்றையும் பிடுங்கியவன் நான். மூன்றும் நல்ல பற்கள். இதை எழுதி வைக்க எனக்கு ஆறு வருடம் பிடித்திருக்கிறது. எழுதினால் மனசு லேசாகும் என்றார்கள். லேசாகவெல்லாம் இல்லை, இப்போதும் முகம் சுடுகிறது.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிசோம்பே ஏரிக்கரையில் மீன் ஏலம் கூவுகிறவள் மிலெம்பே. மூத்த மகள் பெயரை வைத்துக் கபுலாம்மா என்றுதான் ஊரே கூப்பிடும். அந்தக் கரையில் ஏலம் கூவுவது ஆண்களின் வேலை. அவள் கணவன்தான் கூவிக்கொண்டிருந்தான். ஏரியில் ஒரு நாள் காற்று திரும்பி, படகு கவிழ்ந்து அவன் போய்ச்சேர்ந்தான். நாற்பது நாள் கழித்து, கவிழ்த்துப் போட்ட அதே மரப்பெட்டி மீது மிலெம்பே ஏறி நின்றாள்.

"பொம்பள கூவினா மீன் நாறிடும்" என்றானாம் ஒரு படகுக்காரன்.

"உன் மீன் நேத்தே நாறிடுச்சுப்பா. என் தொண்டை மேல பழியப் போடாத" என்றாளாம். கரையே சிரித்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் பத்து வருடம் அவள் பெட்டியை விட்டு இறங்கவில்லை.

எங்கள் கரையில் ஏலத்துக்கு ஒரு முறை உண்டு. பெட்டிக்கு இடது பக்கம் லாரிக்காரர்கள், முவான்சா நகரத்துக் கம்பெனிகளுக்கு வாங்குகிறவர்கள். வலது பக்கம் மீன் பொரிக்கிற, கருவாடு போடுகிற உள்ளூர்ப் பெண்கள். கூவுகிறவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே விலையை ஏற்றுவார். கடைசியில் குதிகாலால் பெட்டியை மூன்று முறை தட்டுவார். மூன்றாவது தட்டு விழும்போது அவர் முகம் யாரைப் பார்க்கிறதோ அவருக்கு மீன். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அவள் முகத்தை நம்பித்தான் அந்தக் கரையில் அத்தனை அடுப்பும் எரிந்தது.

இனி என்னைப் பற்றி. என் பெயர் லுஹெண்டே. ஊர் ஆஸ்பத்திரியில் பல் அறை என்னுடையது. நான் படித்தது மூன்று வருடப் படிப்பு, முழு டாக்டர் இல்லை. எல்லோரும் டாக்டர் என்றார்கள், நானும் திருத்தவில்லை. பல்லைக் குடைந்து அடைக்கிற மெஷின் நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே பழுதானது. அதனால் எனக்கு இருந்தது குறடும் மரத்துப்போகிற ஊசியும்தான். வருகிறவர்களும் "பிடுங்கிப் போடுங்க" என்றுதான் வருவார்கள். பிடுங்கினேன். லாகவமான கை என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர் மீது எனக்கு ரொம்ப ஆசை.

மிலெம்பே முதல்முறை வந்தபோது வெளியே பெஞ்சில் நாற்பது பேர். இடது கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"காதுக்குள்ள ஆணி அடிக்குது டாக்டர். தாடை பூரா இழுக்குது. இந்தப் பல்லுதான். எடுத்துப் போடுங்க."

பல்லைத் தட்டிப் பார்த்தேன். வலிக்கிறது என்றாள். பக்கத்துப் பல்லைத் தட்டினேன். அதற்கும் வலிக்கிறது என்றாள். படிப்பில் சொல்லிக் கொடுத்ததை மறக்காமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"தொண்டையில ஏதாச்சும்?"

"தொண்டையில ஒண்ணும் இல்ல."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. கொஞ்சம் கவனித்திருந்தால் அந்த அவசரம் காதில் விழுந்திருக்கும். நான் அப்போது ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

பல் சுலபமாக வந்தது. குறடோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, சொத்தை இல்லை, வேர் இரண்டும் சுத்தம். இன்னும் முப்பது வருடம் கடலை கடித்திருக்கும்.

பஞ்சைக் கடித்தபடியே கேட்டாள். "எப்படி இருந்துச்சு டாக்டர்?"

"உள்ளுக்குள்ள அழுகிப்போச்சு. நல்ல நேரத்துல வந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் பல்லை வாளியில் போட்டேன்.

ஏன் சொன்னேன்? கதவு திறந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்குக் காது கேட்கும். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இவ்வளவு அசிங்கமாக இருக்காது.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தாள். வலி போகவில்லை, பக்கத்துப் பல்லாக இருக்கும் என்றாள். அந்தப் பல் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், அதற்கு முந்தினது எப்படி இருந்தது என்று பேச்சு வரும். பிடுங்கினேன். "இதுவும் அழுகல்தான்" என்றேன். இரண்டு மாதம் கழித்து மூன்றாவது. அந்தமுறை அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

அதற்குள் ஆள் பாதியாகிவிட்டாள். உகாலிக் களியை உருட்டி விழுங்க முடியாமல் வெறும் கஞ்சியில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. தெருவில் எதிரே வந்தால் நான் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை மீன் வாங்கக் கரைக்குப் போனேன். பெட்டியைச் சுற்றி ஒரே கூச்சல். மீன் பொரிக்கிற பிலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நல்ல வாய்க்காரி.

"ஏன் கபுலாம்மா, எங்க பக்கம் பாத்தா கண்ணு கூசுதா? லாரிக்காரன் மூஞ்சியில அப்படி என்னத்த எழுதி ஒட்டியிருக்கு?"

"எழுதி ஒட்டல அக்கா, கையில குடுத்திருப்பான்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

விஷயம் இதுதான். இரண்டு மாதமாக மூன்றாவது தட்டு விழும்போதெல்லாம் மிலெம்பேயின் முகம் இடது பக்கமே இருந்தது. நல்ல மீனெல்லாம் லாரிக்குப் போயிற்று. வலது பக்கத்துப் பெண்கள் வெறும் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் ஒரு ஆள் குறை சொல்லாத முகம், இப்போது விலைக்குப் போன முகம் என்றாகிவிட்டது.

கரைக் கமிட்டித் தலைவர் மகெஸா நல்ல மனிதர், சண்டை பிடிக்காது. கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "அடுத்த வெள்ளி வரைக்கும் பாக்குறேன் கபுலாம்மா. அதுக்கப்புறம் பெட்டி மேல வேற ஆள்தான். என்னைத் தப்பா நெனைக்காத."

அவள் வாய் திறக்கவில்லை. வலி என்று சொன்னாலும் பெட்டி போய்விடும். நோயாளியைப் படுக்க வைக்க அது ஒன்றும் கட்டில் இல்லை.

ஏலம் மறுபடி தொடங்கியது. இந்தமுறை அவள் வலது பக்கம் திரும்ப முயன்றாள். கழுத்தைத் திருப்பவில்லை. பாதத்தை நகர்த்தி நகர்த்தி, உடம்பு மொத்தத்தையும் மரக்கட்டை மாதிரி திருப்பினாள். அதற்குள் விலை மூன்று படி ஏறிவிட்டது. பின்னால் யாரோ கத்த, அவசரத்தில் கழுத்தை மட்டும் வெடுக்கென்று வலப்பக்கம் திருப்பிவிட்டாள். கை பறந்து போய் இடது காதுக்குக் கீழே அழுத்தியது. பாதிச் சொல்லில் வாய் மூடிக்கொண்டது.

நான் கையில் மீனோடு நின்றேன். கழுத்தைத் திருப்பினால் பல் ஏன் வலிக்க வேண்டும்?

வீட்டுக்குப் போய் மீனை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். தாடைவலிக்கு அரிதான காரணங்கள் என்று ஒரு பகுதி. பரீட்சையில் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்தவன் நான். காதுக்கு அடியிலிருந்து தொண்டையை நோக்கி ஊசி மாதிரி ஒரு எலும்பு இறங்குகிறது. எல்லோருக்கும் உண்டு, சின்னது. சிலருக்கு அது நீண்டுபோய்ப் பக்கத்து நரம்பை உரசும். தலையைத் திருப்பினால், விழுங்கினால், கொட்டாவி விட்டால் தொண்டையும் காதும் தாடையும் குத்தும். தொண்டையில் ஏதோ சிக்கிய மாதிரி இருக்கும். பல்வலி என்று எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிவிடுவது வழக்கம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான்கைந்து முறை படித்தேன்.

அன்று மதியமே அவள் வீட்டுக்குப் போனேன். கபுலா ஸ்டூல் எடுத்துப் போட்டாள். மிலெம்பே கூரை நிழலில் பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"கழுத்தத் திருப்பினா வலிக்குதா கபுலாம்மா?"

"ஆமா."

"கொட்டாவி விட்டா?"

"உசுரு போகுது."

"தொண்டையில எதாச்சும் சிக்கின மாதிரி?"

இடுப்பில் சுற்றிய கங்கா துணியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கபுலாதான் பொறுக்க மாட்டாமல் பேசினாள்.

"சொல்லும்மா. நீ சொல்றியா, நான் சொல்லவா? ரெண்டு வருஷமா மீன் முள்ளு சிக்கியிருக்குன்னு சொல்லிட்டுத்தான் இருக்காங்க டாக்டர். களிய உருட்டி முழுங்கினாங்க, வாழைப்பழம் முழுங்கினாங்க, போகல. அப்புறம் பக்கத்து ஊர்ல உள்நாக்கு அறுக்குறவர்கிட்ட போய் அறுத்துக்கிட்டாங்க. அப்பவும் போகல."

இருமல், தொண்டைவலி எதுவானாலும் உள்நாக்கை அறுத்துவிடுவது எங்கள் பக்கத்தில் உண்டு. குழந்தைகளுக்குத்தான் அதிகம். அது கூடாது என்று ஆஸ்பத்திரியில் நாங்கள் கத்தாத நாள் இல்லை.

"இத ஏன் என்கிட்ட சொல்லல? நான் கேட்டேனே, தொண்டையில ஏதாச்சும் இருக்கான்னு?"

மிலெம்பே அப்போதுதான் நிமிர்ந்தாள். "அதுக்கு முன்னாடி ஒரு நாள், துணைக்கு வந்து உங்க பெஞ்சுல இருந்தேன் டாக்டர்."

"என்னிக்கு?"

"சின்னப் பொண்ணு ஒருத்தி, உள்நாக்கு அறுத்த கைக்கொழந்தையோட வந்தாளே. நீங்க அவள எழுப்பி எல்லார் முன்னாடியும் நிக்க வச்சீங்க. கொழந்தை வாயத் தொறந்து டார்ச் அடிச்சுக் காமிச்சீங்க. 'பாருங்க, இந்த அறிவு கெட்டவ பெத்த புள்ளைக்கு என்ன பண்ணிட்டு வந்திருக்கான்னு பாருங்க'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்ப என் தொண்டையில புண்ணு ஆறக்கூட இல்ல."

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அதுதான் என்னை அடித்தது. ஒருத்தியை அப்படி நிற்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று மறந்திருக்கிறேன். மூன்று முறை மிலெம்பேயின் வாய்க்குள் குனிந்தும் உள்நாக்கு இல்லாததை நான் பார்க்கவில்லை. அவள் நாக்கை உயர்த்தி மறைத்திருக்கிறாள். எனக்கும் பல்லைத் தாண்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

கையைக் கழுவி, உறை போட்டு, வெயிலைப் பார்த்து அவளைத் திரும்பி உட்காரச் சொன்னேன். விரலை உள்ளே விட்டு இடது டான்சில் பக்கம் மெதுவாகத் தடவினேன். தோலுக்கு அடியில் குச்சி முனை மாதிரி கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. லேசாக அழுத்தினேன். துள்ளி விழுந்து என் விரலைக் கடித்துவிட்டாள்.

"அதான்! அதேதான்!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "முள்ளுன்னு நான் சொன்னேனா இல்லையாடி கபுலா? ஒருத்தர் நம்பினீங்களா?"

"முள்ளு இல்ல கபுலாம்மா, எலும்பு. மீனோடது இல்ல. உங்களோடது."

திங்கட்கிழமை அந்த இடத்தில் மரத்துப்போகிற ஊசி போட்டேன். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அப்புறம் வலது பக்கம் பார்க்கச் சொன்னேன். பயந்து பயந்து திருப்பினாள். முழுசாகத் திரும்பியது. இடது, வலது, மறுபடி வலது. மருந்து வேலை செய்கிற நேரம் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். இனி சந்தேகத்துக்கு இடமில்லை. எனக்குத்தான் அவள் திருப்பத் திருப்ப உடம்பு குறுகியது. இந்த ஊசியை முதல் நாளே போட்டிருக்கலாம்.

அன்றே மகெஸாவைப் பார்த்துச் சொன்னேன். பிலியும் கூட இருந்தாள். "அவங்க யாரையும் ஏமாத்தல. கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. எலும்பு குத்துது. முவான்சாவுக்குப் போய் ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்."

பிலி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அவளுக்கு அது அபூர்வம். "வாயத் தொறந்து சொல்லியிருந்தா நாங்க எல்லாரும் எடம் மாறி நின்னிருப்போமே, பாவி மக" என்றாள். ஆபரேஷன் முடிந்து வரும்வரை கபுலா பெட்டி ஏறட்டும் என்று மகெஸா ஒத்துக்கொண்டார்.

முவான்சா பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். படம் எடுத்தார்கள். மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டிய எலும்பு ஐந்தைத் தொட்டிருந்தது. ஆபரேஷன் செய்கிற டாக்டர் ருகையா, என் வயதுதான். உள்நாக்கை அறுத்ததனாலா என்று கேட்டேன். சிக்கல் அதற்கு முன்பே இருந்திருக்கிறது, ஏன் வளர்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். படத்தை இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த மூணு பல்ல யார் எடுத்தது?"

நான் வாயைத் திறக்கும் முன் மிலெம்பே முந்திக்கொண்டாள். "இவருதான் டாக்டர். மூணும் உள்ளுக்குள்ள அழுகிப்போச்சு. நல்ல வேளை, சரியான நேரத்துல எடுத்துட்டாரு."

ருகையா படத்தைப் பார்த்தார். மிச்சப் பற்கள் வரிசையாக, ஒரு புள்ளி சொத்தை இல்லாமல் நின்றன. பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாய் வழியாகவே போய் நீண்டிருந்த துண்டை வெட்டி எடுத்தார்கள். பத்து நாள் விழுங்க முடியாமல் கஷ்டப்பட்டாள். பிறகு வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஆறாவது வாரம் பெட்டி ஏறினாள். இரண்டு பக்கமும் சுழன்று சுழன்று கூவினாள். முதல் குவியலே பிலிக்குப் போயிற்று. கடைசிக் குவியல் முடிந்ததும் கையைத் தூக்கிக் கூட்டத்தை நிறுத்தினாள்.

"இவர் இல்லேன்னா நான் இன்னிக்கு இங்க இல்ல. லுஹெண்டே டாக்டர் கையி நல்ல கையி!"

பெண்கள் குலவையிட்டார்கள். பிலி ஒரு பெரிய சங்காரா மீனை வாலைப் பிடித்துத் தூக்கி என் கையில் திணித்தாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கூட்டம் கலைந்ததும் அவளிடம் போனேன். அவள் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கபுலாம்மா, அந்த மூணு பல்லும் நல்ல பல்லு."

"போகட்டும் விடுங்க. தெரியாம எடுத்துட்டீங்க. புடுங்கச் சொன்னதே நான்தான?"

"தெரியாம இல்ல."

தண்ணீர்க் குவளை நின்றது.

"முதல் பல்ல எடுத்து வெளிச்சத்துல பாத்த உடனேயே தெரிஞ்சுது. அழுகல்னு சொன்னது பொய்."

"அப்போ ரெண்டாவது?"

நான் பெட்டியைப் பார்த்தேன்.

"மூணாவது, லுஹெண்டே?"

'டாக்டர்' என்ற சொல் போய்விட்டது. அவள் நாக்கு உள்ளே இடது ஈறைத் துழாவுவது கன்னத்தில் தெரிந்தது.

"நானும் ஒரு பொய் சொன்னேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "தொண்டையில ஒண்ணும் இல்லேன்னு. அது உன் வாய்க்குப் பயந்து சொன்னது. நீ யாருக்குப் பயந்து சொன்ன?"

பெஞ்சில் இருந்தவர்களுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பெட்டியை வெயிலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் என்னிடம் பேசவில்லை. ஏலத்தில் வலது பக்கம் போய் நின்று பார்த்தேன், இடது பக்கம் நின்று பார்த்தேன். மூன்றாவது தட்டுக்கு அவள் முகம் என்னிடம் வரவே இல்லை. மீனைப் பிலியிடம்தான் வாங்கினேன். "ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?" என்று பிலி குடைந்தாள். அப்போதுதான் தெரிந்தது, மிலெம்பே அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரே நாளில் என் பெஞ்ச் காலியாகியிருக்கும். கைக்குழந்தையோடு நின்ற அந்தப் பெண்ணையும் தேடினேன். ஏரிக்கு நடுவே ஏதோ தீவுக்குக் குடிபோய்விட்டாள் என்றார்கள். எந்தத் தீவு என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை புதிதாக ஒரு பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தாடை வீங்கியிருந்தது. மிலெம்பேயின் தங்கை மின்ஸா, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்.

"அக்கா அனுப்பினா" என்றாள்.

கையிலிருந்த பஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டேன். "என்ன சொல்லி அனுப்பினாங்க?"

"அது எதுக்கு டாக்டர்?"

"பரவால்ல, சொல்லுங்க."

அவள் கதவைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், குரலைத் தணித்துக்கொண்டாள். "மனசுல வச்சுக்காதீங்க. நான் முவான்சாவுக்குப் போறேன்னுதான் சொன்னேன். அவதான், 'அவ்வளவு தூரம் எதுக்குடி போற, எங்க ஊருக்கே வா. பொய் சொல்லப் பயப்படுற டாக்டர் இந்த வட்டாரத்துலயே அவன் ஒருத்தன்தான்'னா."

எந்தப் பல் என்று கேட்டேன். விரலால் தொட்டுக் காட்டினாள். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை இழுத்தேன். முதலில் அந்தப் பல்லைத் தாண்டித் தொண்டைவரை பார்த்தேன்.